அந்தக் கணமே பிடித்து, அந்தக் கணமே வாசிக்கும் இசை: வாசகர் கேள்வி – பதில்

முன்கூட்டி எழுதி வைக்காமல், மேடையிலேயே ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றையே அடுக்கியும் சிதைத்தும் உருவாக்கப்படும் ஆம்பியன்ட் இசையை (பாட்டும் தாளமும் முன்னிற்காமல், சூழலோடு கலந்து மெல்ல விரியும் இசையை) பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): இத்தகைய கச்சேரி ஒன்றின் காணொளியைப் பார்த்தேன். ஒருவர் சில பெட்டிகளின் முன் அமர்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பதிவு செய்ததை ஒலிக்க விடுகிறாரா, உண்மையிலேயே வாசிக்கிறாரா?

வாசிக்கத்தான் செய்கிறார். ஆனால் அந்த வாசிப்பு எங்கே நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே உங்கள் ஐயம் நியாயமானது.

ஒரு குழலின் சுரமோ, பித்தளைக் கிண்ணத்தைத் தட்டிய ஓசையோ, அரங்கில் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தமோ மைக் வழியாக உள்ளே வருகிறது. கருவி அதைச் சில விநாடி நீளமுள்ள ஒரு வளையமாக, அதாவது லூப்பாக, வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஒலியில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கிறது. கலைஞர்கள் அதை ஃபீட்பேக் என்பார்கள். இந்த இசையின் உயிர்நாடியே அந்தக் குமிழ்தான் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கிட்டுப் பார்த்தால் அதன் வலிமை புரியும். லூப்பின் நீளம் 5 விநாடி என்றும் ஃபீட்பேக் 90 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருமுறை வாசித்த சுரம் 7 சுற்றுகளில், அதாவது 35 விநாடிகளில், ஏறத்தாழப் பாதி வீச்சுக்கு இறங்கிவிடும். 22 சுற்றுகளில், இரண்டு நிமிடத்துக்குள்ளாகவே, பத்தில் ஒரு பங்காகிவிடும். குமிழைச் சற்றே திருகி 98 சதவீதத்தில் வைத்தால் அதே சுரம் பாதியாக இறங்குவதற்கே 34 சுற்றுகள், ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் பிடிக்கும். 100 சதவீதத்தில் அது மறையவே மறையாது. அதற்கும் மேலே போனால் ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, கருவியின் எல்லையை மீறிக் கரகரத்துவிடும். மூன்று நிமிடத்துக்கு முன் வாசித்தது இன்னும் எத்தனை நேரம் இருக்க வேண்டும், இப்போது வாசிக்கப்போவது அதனோடு சேருமா, அல்லது சற்று நேரம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதே நல்லதா என்று அவர் கணந்தோறும் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார். பிசகாக விழுந்த ஒரு சுரம் இங்கே உடனே போய்விடாது; ஐந்து விநாடியில் திரும்பி வரும். அதன் பக்கத்தில் வேறொரு சுரத்தை வைத்து அதற்கு ஓர் இடம் தேடிக் கொடுப்பதில்தான் கலைஞரின் திறமை தெரியவரும்.

முன்பே பதிவு செய்த ஒலிகளைக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. அந்த ஒலிகள் அன்றைய அரங்குக்கு ஏற்ப மாறுகின்றனவா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): இதைத் தொடங்கியவர் யார்? பிரையன் ஈனோ என்று படித்திருக்கிறேன்.

ஆம்பியன்ட் என்னும் பெயரைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் இசைக்கலைஞரான ஈனோ. 1978இல் விமான நிலையங்களுக்கென அவர் உருவாக்கிய இசைத்தொகுப்போடு அந்தப் பெயர் நிலைபெற்றது. மேடையிலேயே ஒலியைப் பிடித்து அடுக்கும் முறை அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

1948இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர், ரயில் ஓசைகளை இசைத்தட்டில் பதிந்து, முள் ஒரே வட்டத்தில் சுழலும்படி தட்டின் பள்ளத்தை மூடிய வளையமாக்கி, ஒரு துணுக்கைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்தார். அது ஸ்டூடியோவில் நடந்த வேலை. மேடைக்கான வழி 1963இல் அதே பாரிஸில் திறந்தது. டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரின் குழுவோடு ஒரு நாடகத்துக்கு இசை அமைத்துக்கொண்டிருந்த அமெரிக்கர் டெர்ரி ரைலி, நீண்ட எதிரொலி ஒன்று வேண்டுமென்று வானொலிப் பொறியாளர் ஒருவரிடம் கேட்க, அவர் இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்து ஒரே நாடாவை இரண்டின் வழியாகவும் ஓடவிட்டார். முதல் கருவி பதிவு செய்யும். நாடா நகர்ந்து இரண்டாவது கருவியை அடைந்ததும் அது ஒலிக்கும். அந்த ஒலி மீண்டும் முதல் கருவிக்கே போகும். ரைலி இந்த அமைப்போடு சாக்ஸஃபோனையும் ஆர்கனையும் வாசித்து, பிற்பாடு விடிய விடியக் கச்சேரிகள் நடத்தினார். 1967இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கச்சேரிக்கு மக்கள் படுக்கையோடு வந்தார்கள்.

இந்த வரலாற்றில் உரிய இடம் பெறாதவர் அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ். 1966இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மின்னணு ஸ்டூடியோவில், காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண்களில் ஆஸிலேட்டர்களை, அதாவது மின் அலைகளை எழுப்பும் கருவிகளை, இயக்கி, அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டில் பிறக்கும் ஒலிகளை நாடா வழியே சுழலவிட்டு, வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் ஒரு படைப்பை வாசித்து முடித்தார். மின்னணு இசை என்றாலே நாடாவைப் பிளேடால் நறுக்கி மாதக்கணக்கில் ஒட்டுவது என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான காரியம். அவருடைய பெயர் ஈனோவின் பெயருக்கு முன்னால் சொல்லப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஈனோவும் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் 1972 செப்டம்பரில் லண்டனில், ஈனோவின் வீட்டில், இரண்டு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களைக் கொண்டு இதே முறையில் வாசித்தார்கள். இந்த அமைப்பில் எதிரொலியின் நீளத்தைத் தீர்மானிப்பது இரு கருவிகளுக்கும் இடையிலான தூரம். நாடா விநாடிக்குச் சுமார் 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், கருவிகளை ஒரு மீட்டர் தள்ளி வைக்கும்போது வாசித்தது ஐந்து விநாடிக்குச் சற்றுக் கழித்துத் திரும்பி வரும். நேரத்தை நீட்ட வேண்டுமானால் மேசையை நகர்த்த வேண்டும். 1975 மே 28 அன்று பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் இருவரும் இப்படி வாசித்தபோது, அவர்களுடைய பழைய ராக் குழுக்களின் பாடல்களை எதிர்பார்த்து வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கச்சேரியின் பதிவு பல்லாண்டுகளுக்குப் பிறகு வெளியாகி இப்போது கேட்கக் கிடைக்கிறது. இந்தத் துறையில் நுழைய விரும்பும் எவருக்கும் முதலில் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): நாடா போய் சாம்ப்ளர் வந்ததால் இசையில் என்ன மாறியது?

நாடாவில் ஒலி வரிசையாகத்தான் வரும். சாம்ப்ளர் ஒலியை எண்களாக மாற்றி நினைவகத்தில் வைப்பதால், எந்த இடத்திலிருந்தும், எந்த வேகத்திலும், பின்னோக்கியும் அதை எடுத்து வாசிக்கலாம். குறுந்தகட்டின் தரத்தில் விநாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு குறித்துக்கொள்ளப்படுகிறது; இரு சேனல்களில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும். இன்று அது ஒன்றுமே இல்லை. ஆனால் 1979இல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் கருவியில், ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகள் ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் மட்டுமே இருந்தது. 1987இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 கருவியில் மொத்த நினைவகமும் பத்து விநாடிக்கே போதுமானதாக இருந்தது. இந்தத் தட்டுப்பாடு காரணமாகக் கலைஞர்கள் ஒரு துணுக்கை வேகமாக ஓட்டி, நேரம் சுருங்க உயர்ந்த சுருதியில் பதிந்து, பிறகு தாழ்த்தி வாசித்தார்கள். அப்போது ஏற்படும் மங்கலும் கரகரப்பும் பலருக்கு விருப்பமான நிறமாகவே ஆகிவிட்டன.

இன்னொரு பெரிய மாற்றம், ஒலியைத் துகள்களாக்கும் முறை. ஒரு பதிவை 1 முதல் 100 மில்லிவிநாடி வரையிலான சிறு துகள்களாக நறுக்கி, நூற்றுக்கணக்கில் தூவினால், பேச்சும் மணியோசையும் தம் அடையாளத்தை இழந்து மேகம் போலாகின்றன. கனடாவின் பாரி ட்ரூவாக்ஸ் 1986இல் உருவாக்கிய ‘ரிவர்ரன்’ என்னும் படைப்பு இதைக் கணினியில் உடனுக்குடன் செய்து காட்டியது. அன்று சிறப்புக் கணினி வசதி தேவைப்பட்ட அந்தக் காரியம் இன்று கைப்பேசியில் நடக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): நம்முடைய ஆலாபனையும் கற்பனைசுரமும் முன்தயாரிப்பற்றவைதாமே? இரண்டும் ஒன்றா?

ஒற்றுமை உண்டு. ஆனால் தம்பூராவின் சுருதியையும் ஆம்பியன்ட் இசையின் நீண்ட கார்வையையும் பக்கத்தில் வைத்துப் பலர் காட்டும் ஒற்றுமை மேலோட்டமானது. ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியைப் பாடியதும் அது காற்றில் கரைந்துபோய், கேட்பவரின் மனத்தில் மட்டும் இருக்கும். அடுத்த பிடி அந்த நினைவின்மேல் எழுகிறது. சாம்ப்ளர் வாசிப்பவருக்கோ சற்றுமுன் வாசித்தது இன்னும் காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இசைவாகவே அடுத்ததை வைக்க முடியும். ஆகவே கற்பனைசுரத்தின் விறுவிறுப்பான கணக்கு இங்கே எடுபடாது. ராகத்துக்கு இலக்கணம் முன்னதாகவே இருக்கிறது. இங்கே அன்று முதலில் பிடிக்கப்பட்ட ஒலியே இலக்கணத்தை வகுத்துவிடுகிறது.

உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. மேலே குறிப்பிட்ட டெர்ரி ரைலி 1970 முதல் கிரானா கரானா என்னும் இந்துஸ்தானி குருமரபைச் சேர்ந்த பண்டிட் பிராண் நாத்தின் சீடராக இருந்து, 1996இல் குரு மறையும் வரை அவரிடம் பயின்றார். ரைலி ராகங்களை வெட்டித் தம் லூப்களில் ஒட்டவில்லை. சுருதியில் நிலைத்து நிற்கும் பொறுமையைக் கற்றுக்கொண்டார். இன்று கமகம் நிறைந்த ஒரு பிடியை லூப்பில் போட்டுச் சுழலவிடும் முயற்சிகளைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிறிதாவது வேறுபட்டு வருவதில்தான் கமகத்தின் அழகு இருக்கிறது. அச்சு மாறாமல் பத்து முறை வந்தால் அது செத்துவிடுகிறது.

கேள்வி (சென்னை வாசகர்): பாட்டு இல்லை, தாளம் இல்லை, ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. இதை எதற்காக உட்கார்ந்து கேட்க வேண்டும்?

திரும்ப வருவது போலத் தோன்றும். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. 7 விநாடி, 11 விநாடி, 13 விநாடி நீளமுள்ள மூன்று லூப்கள் ஒருங்கே சுழல்கின்றன என்று கொள்வோம். மூன்றும் தொடங்கிய நிலைக்கே மீண்டும் வந்து சேர 1,001 விநாடிகள், ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். இடைப்பட்ட நேரம் முழுவதும் அவை ஒன்றையொன்று வெவ்வேறு இடங்களில் சந்தித்துப் புதிய இணைப்புகளைத் தந்தபடி இருக்கும். ஈனோவின் 1978 தொகுப்பில் ஒரு பகுதி இப்படித்தான் அமைந்தது. அதில் ஒரு குரல் 23½ விநாடிக்கு ஒருமுறையும் மற்றொன்று 25⅞ விநாடிக்கு ஒருமுறையும் வரும். மேடையில் வாசிப்பவர் இதோடு ஒவ்வொரு லூப்பையும் கூட்டிக் குறைத்து மாற்றிக்கொண்டும் இருப்பார்.

இருந்தாலும், நீங்கள் கேட்பது இதைவிட ஆழமான கேள்வி. அதற்கு டோக்கியோவிலிருந்து பதில் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு அங்கே யோயோகி பகுதியில் ஆஃப் சைட் என்ற சிறிய கலைக்கூடம் திறக்கப்பட்டது. 2005 வரை இயங்கியது. அக்கம்பக்கத்தில் வீடுகள் நெருங்கியிருந்ததால் அங்கே சத்தமாக வாசிக்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டையே கலைஞர்கள் தம் வழியாக ஆக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சச்சிகோ எம், முன்பு பிறருடைய பதிவுகளைச் சாம்ப்ளரில் ஏற்றி ஒரு குழுவில் வாசித்தவர். பின்னர் அந்தப் பதிவுகளையெல்லாம் அகற்றிவிட்டு, கருவியைச் சோதிப்பதற்காகத் தயாரிப்பாளர் உள்ளே வைத்திருக்கும் சைன் அலையை, அதாவது ஒரே அதிர்வெண் கொண்ட எளிய ஒலியை, மட்டும் எடுத்து வாசிக்கத் தொடங்கினார். 1999இல் வந்த அவருடைய தனி இசைத்தட்டு முழுவதும் அதுதான். இன்னொருவரான டோஷிமாரு நாகமுரா, பல ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்ஸரின் வெளியீட்டுக் கம்பியை அதன் உள்ளீட்டிலேயே செருகி, வெளியிலிருந்து எந்த ஒலியும் வராமல், மிக்ஸர் தனக்குள் எழுப்பும் சுழல் ஒலியை இசையாக்கினார்.

சைன் அலையை ஓர் அறையில் ஒலிக்கவிட்டுத் தலையை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் அது உரக்கக் கேட்கும். பக்கத்திலேயே ஏறக்குறைய மறைந்துவிடும். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் கூடுவதும் சில இடங்களில் ஒன்றையொன்று அழிப்பதும் இதற்குக் காரணம். அந்த அரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் வெவ்வேறு இசையைக் கேட்டார்கள் என்பது நேரான உண்மை. வெளியே போகும் மிதிவண்டியும் தெருப் பேச்சும் அதற்குள் கலந்தன. பாடலில் கிடைக்கும் இன்பம் இங்கே கிடைக்காது. அதைத் தேடி வருபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். தம் காது எவ்வளவு நுட்பமாக வேலை செய்ய வல்லது என்பதை அறிய வருபவருக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்றே நம்புகிறேன்.

கேள்வி (கோவை வாசகர்): பழைய திரைப்பாடல்களின் துணுக்குகளை எடுத்து மேடையில் பயன்படுத்தலாமா?

சட்டம் கடுமையானது. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள உரிமை இதிலிருந்து வேறானது. அது அவர்களுடைய ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ‘சில விநாடிதானே’ என்ற வாதம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து சுமார் இரண்டு விநாடி எடுத்ததற்காகத் தொடங்கிய வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டி நடந்தது. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம், காதுக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றப்பட்ட துணுக்கு நகலெடுப்பு ஆகாது என்றது. அது ஐரோப்பியத் தீர்ப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டத்தைக் கடந்த ஒரு கேள்வியும் இருக்கிறது: எடுத்த ஒலிக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? லிவர்பூலில் வாழ்ந்து 2022இல் மறைந்த ஃபிலிப் ஜெக், தேய்ந்துபோன இசைத்தட்டுகளையும் பழைய ரெக்கார்டு பிளேயர்களையும் வைத்து வாசித்தார். தட்டின்மேல் சிறு ஒட்டுத்தாளை ஒட்டி, முள் அதில் இடறிப் பின்னே குதிக்கும்படி செய்து லூப் உண்டாக்குவார். அதைச் சிறிய கேசியோ சாம்ப்ளிங் கீபோர்டில் பிடித்து மேலும் தாழ்த்துவார். 1993இல் 180 பிளேயர்களைக் கொண்டு ஒரு நிகழ்வை நடத்தினார். அவர் இசையில் எந்தப் பாடல் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ பலமுறை விரும்பிக் கேட்டதால் தேய்ந்த தட்டு என்பது கீறல்களில் தெரியும். அமெரிக்கரான பாப் ஆஸ்டர்டாக் 1991இல் வெளியிட்ட படைப்பு ஆம்பியன்ட் வகைக்கு வெளியே நிற்பது. எல் சால்வடாரில் தேசியக் காவல்படையால் கொல்லப்பட்ட தந்தையைப் புதைக்கும் சிறுவனின் குரல், மண்வெட்டியின் ஓசை, பக்கத்தில் பறக்கும் ஓர் ஈயின் ரீங்காரம் ஆகியவற்றை அவர் சாம்ப்ளரில் எடுத்துக்கொண்டார். அந்நாட்டுப் போராட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உடன் நின்றவர் அவர். அப்படிப்பட்ட ஈடுபாடு இல்லாமல் பிறர் அழுகையை எடுத்து இனிமையான பின்னணியாக மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): இந்தியாவில் இதற்கு முன்னோடிகள் உண்டா?

உண்டு. 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரோடு (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவியோடு) ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே சோதனைகள் செய்தார்கள். அந்த நாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து மீட்க, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. அவசியம் தேடிக் கேளுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): குறைந்த செலவில் வீட்டிலேயே முயல விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

கணினி இருந்தால், மில்லர் பக்கெட் 1996இல் உருவாக்கிய பியூர் டேட்டா என்ற இலவச மென்பொருளே போதும். ஒலியை லூப்பாகப் பிடிக்கும் லூப்பர் பெடல் வாங்குவதானால், ஃபீட்பேக்கைக் குறைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். மலிவான பெடல்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. பதிந்த ஒலி குறையாமல் அப்படியே சுழலும். ஒரு வாரத்தில் சலித்துவிடும். அதற்கு, ஒலியைத் தாமதித்து எதிரொலிக்கும் நீளமான டிலே பெடலே மேல்.

முதல் மாதம் ஒரே ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர், ஒரு சாவிக்கொத்து, உங்கள் குரல், எதுவானாலும் சரி. பத்து நிமிடம் வாசித்து அதைப் பதிவு செய்து, அன்றே கேட்காமல் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பெரும்பாலும் தேவைக்கு மேல் வாசித்திருப்பது தெரியவரும். மைக்கை ஸ்பீக்கரின் முகத்துக்கு நேரே வைக்காதீர்கள், வைத்தால் ஊளையிடும். ஃபீட்பேக்கை 100 சதவீதத்துக்கு மேல் ஏற்றிப் பழகும் நாள்களில், ஒலி ஸ்பீக்கருக்குப் போகும் வழியில், அது ஓர் அளவுக்கு மேல் உயராமல் தடுக்கும் லிமிட்டரைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் அந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.